இன்ஜினீயருக்கு 6, மழலையர் டீச்சருக்கு 8: ஆஸ்திரேலியா கேட்கும் ஆங்கில மதிப்பெண்ணின் கணக்கு என்ன?

ஆஸ்திரேலியாவில் மழலையர் பள்ளி டீச்சர் வேலை, ஐஇஎல்டிஎஸ் 6 எடுத்தால் போதும் என்று சொல்லும் விளம்பரங்களைப் பார்த்திருப்பீர்கள். அந்த 6 பொய்யில்லை. ஆனால் அது விசாவுக்கான எண். வகுப்பறைக்குள் ‘ஆசிரியர்’ என்ற பெயரில் நிற்க வேறொரு எண் வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நிறைய பேருடைய பணமும் வருஷங்களும் போகின்றன.

இரண்டாவது எண்ணை முதலில் பார்ப்போம். விக்டோரியாவில் 2015 முதலும், நியூ சவுத் வேல்ஸில் 2016 முதலும் மழலையர் ஆசிரியர்கள், பள்ளி ஆசிரியர்களைப் போலவே மாநில அமைப்பிடம் பதிவு செய்தாக வேண்டும். ஆசிரியர் பதிவுக்கு அங்கே பல ஆண்டுகளாக இருக்கும் அளவுகோல் இது: ஐஇஎல்டிஎஸ் அகாடமிக் தேர்வில் வாசிப்புக்கும் எழுத்துக்கும் குறைந்தது 7, கேட்டலுக்கும் பேச்சுக்கும் குறைந்தது 8.

இதோடு மற்ற தொழில்களை ஒப்பிட்டுப் பாருங்கள். தகுதி மதிப்பீட்டுக்குப் போகும் இன்ஜினீயருக்கு நான்கிலும் 6 போதும். நர்ஸுக்கு 7, அதிலும் எழுத்துக்கு 2025 முதல் 6.5 ஆகக் குறைத்துவிட்டார்கள். பாலம் கட்டுபவரையும் ஊசி போடுபவரையும் விட, மூன்று வயதுக் குழந்தைக்குக் கதை சொல்பவர் அதிகமாகப் பேசிக் காட்ட வேண்டும்.

8 என்றால் எவ்வளவு?

கேட்டல் தேர்வில் 40 கேள்விகள். 6 வாங்க சுமார் 23 சரியாக இருந்தால் போதும், 7-க்கு சுமார் 30, 8-க்கு சுமார் 35. அதாவது ஐந்து தப்புக்கு மேல் இடமில்லை. ஒலிப்பதிவை ஒரே ஒருமுறைதான் போடுவார்கள்.

பேச்சு இன்னும் கஷ்டம். 11 முதல் 14 நிமிஷம் நேர்காணல். சரளம், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு என நான்கு அம்சங்களுக்கும் தனித்தனி மதிப்பெண். இரண்டில் 8, இரண்டில் 7 வந்தால் மொத்தம் 7.5தான், கதவு திறக்காது. ஐஇஎல்டிஎஸ் நடத்துபவர்கள் நாடுவாரியாக வெளியிடும் தரவில் இந்தியர்களின் பேச்சு சராசரி 6-ஐ ஒட்டியே இருக்கிறது. சராசரிக்கும் தேவைக்கும் இடையே இரண்டு பேண்ட். இரண்டு மாத கோச்சிங்கில் தாண்டுகிற தூரமில்லை இது.

“நான் எல்.கே.ஜி.யிலிருந்து பி.எட். வரை இங்கிலீஷ் மீடியம்தானே?” என்ற கேள்வி வரும். பதில், அது செல்லாது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரிட்டன், அயர்லாந்து, அமெரிக்கா, கனடா போன்ற நாடுகளில் படித்தவர்களுக்குத்தான் விலக்கு. இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை.

இது நியாயமா?

பாதி நியாயம். குழந்தை மொழியைப் பிடிப்பது டீச்சரின் வாயிலிருந்துதான். மழலையில் அது சொல்வது புரிய வேண்டும். ஒவ்வாமை இருக்கிறது என்று அம்மா அவசரத்தில் சொல்லிவிட்டுப் போவது தப்பாமல் காதில் விழ வேண்டும். கேட்டலையும் பேச்சையும் உயர்த்தி வைத்ததில் காரணம் இருக்கிறது.

ஆனால் தேர்வு அளப்பது அதை அல்ல. அகாடமிக் தேர்வின் எழுத்துப் பகுதியில் முதல் கேள்வி வரைபடத்தையோ அட்டவணையையோ விவரிக்கச் சொல்லும். வாசிப்பில் நீளமான கட்டுரைகள். பல்கலைக்கழகத்தில் சேர்வோருக்காக உருவான தேர்வு இது. அழுகிற குழந்தையைச் சமாதானப்படுத்துவதும், விழுந்து நெற்றி வீங்கியதைப் பெற்றோரிடம் பதற்றமில்லாமல் சொல்வதும் அதில் எங்கேயும் வராது. டாக்டர், நர்ஸ்களுக்கு மருத்துவமனைச் சூழலை வைத்தே ஓஇடி என்ற தனித் தேர்வு இருக்கிறது. மழலையர் ஆசிரியருக்கு அப்படி ஒன்றை யோசிக்கலாம் என்பது என் கருத்து.

அப்படியானால் அந்த 6 யாருக்கு?

ஆஸ்திரேலியக் குழந்தைகள் மையங்களில் ‘ஆசிரியர்’ தவிர ‘எஜுகேட்டர்’ என்ற பணியும் உண்டு. சர்டிபிகேட் 3 அல்லது டிப்ளமோ படித்தவர்களுக்கானது. மாநில ஆசிரியர் பதிவு இவர்களுக்குத் தேவையில்லை. எனவே 8 என்ற தடையும் இல்லை. விளம்பரம் பெரும்பாலும் காட்டும் வழி இதுதான்: மாணவர் விசாவில் போய் அங்கேயே டிப்ளமோ படி, வேலைக்குச் சேர். மாணவர் விசாவுக்கான ஐஇஎல்டிஎஸ் 2024 மார்ச்சில் 5.5-லிருந்து 6 ஆனது. விசா கட்டணம் மட்டும் 2025 ஜூலை முதல் 2,000 ஆஸ்திரேலிய டாலர். படிப்புக் கட்டணம் தனி. இது வேலைக்குப் போகும் வழி என்று சொல்வதைவிட, காசு கொடுத்துப் படிக்கப் போகும் வழி என்பதே சரி.

நம் ஊர்ச் சான்றிதழ்தான் அடுத்த சிக்கல். பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு ஒரு வருஷ என்.டி.டி. அல்லது மாண்டிசோரி டிப்ளமோ முடித்துவிட்டு இங்கே பாடம் நடத்துபவர்கள் ஏராளம், பெரும்பாலும் பெண்கள். ஆஸ்திரேலியாவில் ‘ஆசிரியர்’ என்பதற்குப் பட்டப்படிப்பு அளவிலான ஆசிரியர் பயிற்சி வேண்டும். அது இல்லாதவர் 8 வாங்கினாலும் அந்தப் பதிவு கிடைக்காது. ஆனால் கோச்சிங் சென்டரில் முதலில் கட்டச் சொல்வது தேர்வு ஃபீஸைத்தான். ஒருமுறை எழுத சுமார் 18,000 ரூபாய். 2018-ல் உயர்த்திய பிறகு அங்கன்வாடிப் பணியாளருக்கு மத்திய அரசு நிர்ணயித்த மாத மதிப்பூதியம் 4,500 ரூபாய். நான்கு மாத மதிப்பூதியம் ஒரு தேர்வுக்கே சரியாகப் போகிறது. மதிப்பெண் இரண்டு வருஷம்தான் செல்லும் என்பதால், சான்றிதழ் மதிப்பீட்டை இழுத்தடித்தால் மறுபடியும் எழுத வேண்டிவரும்.

மற்ற நாடுகளில்?

கனடாவில் கணக்கு கொஞ்சம் இளகியது. குழந்தைப் பராமரிப்பை நாளுக்கு 10 டாலராக்கும் திட்டத்தை 2021 பட்ஜெட்டில் அறிவித்த பிறகு, அங்கே ஆள் பற்றாக்குறை பெரிதாகத் தெரிந்தது. 2025-ல் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் கல்வித் துறைக்கெனத் தனிப் பிரிவு வந்தது. ‘எர்லி சைல்ட்ஹுட் எஜுகேட்டர்’ அதில் இருக்கிறது. திறன் தொழிலாளர் திட்டத்துக்கு அடிப்படை சிஎல்பி 7, அதாவது ஐஇஎல்டிஎஸ் ஜெனரலில் நான்கிலும் 6. ஆனால் அது நுழைவு மட்டுமே. போட்டியில் நிற்க சிஎல்பி 9 வரை போனால்தான் புள்ளிகள் நன்றாக ஏறும்: கேட்டலில் 8, மற்றவற்றில் 7. ஒன்டாரியோ மாதிரி மாகாணங்களில் தொழில் பதிவு தனி.

பிரிட்டனில் 2025 ஜூலை 22 முதல் ஸ்கில்டு ஒர்க்கர் விசாவுக்குப் பட்டப்படிப்பு நிலை வேலை வேண்டும் என்று மாற்றிவிட்டதால், நர்சரி உதவியாளர் வேலைக்குப் புதிதாகப் போகும் வாசல் ஏறக்குறைய மூடியாயிற்று.

ஆஸ்திரேலியாவுக்கு ஏஜென்டிடம் பேசும்போது, எத்தனை பேண்ட் என்பதற்கு முன்னால் வேலையின் குறியீட்டு எண்ணைக் கேளுங்கள். மழலையர் ஆசிரியர் என்றால் 241111. குழந்தைப் பராமரிப்புப் பணியாளர் என்றால் 421111. விளம்பரத்தில் ‘டீச்சர்’ என்று போட்டுவிட்டு, ஆவணத்தில் இரண்டாவது எண்ணை எழுதியிருந்தால், கையில் வாங்கியிருக்கும் 6 எதற்கானது என்று அங்கேயே தெரிந்துவிடும்.