பெயரைச் சொல்லுங்கள், ஐயா!

அமெச்சூர் ரேடியோக்காரர்களில் ஒரு பொறுமைசாலிக் கூட்டம் உண்டு. மோர்ஸ் புள்ளி ஒன்றை 3 விநாடி, 6 விநாடி, ஏன், 30 விநாடிகூட இழுத்து அனுப்புவார்கள். சக்தி என்னவோ 100 மில்லிவாட்தான். டார்ச் பல்புக்குக்கூடப் போதாது. 10.140 மெகாஹெர்ட்ஸ் அருகே அது கடல் தாண்டிப் போகிறது! பெரும்பாலும் காதுக்கு எட்டாது. கம்ப்யூட்டர் திரையில் மெல்லிய கோடாக ஊர்ந்து வரும். அந்த அதிசயத்தில் எனக்கும் மயக்கம் உண்டு.

என் சண்டை வேறு. அனுப்புகிறவர் யாரென்று சொல்ல வேண்டாமா? சிலர் அழைப்புக் குறியின் கடைசி இரண்டு எழுத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்த இரண்டெழுத்து உலகத்தில் எத்தனை பேருக்கோ உண்டு. வேறு சிலர் மீன் படம் வரைகிறார்கள்! ராத்திரி முழுதும் விழித்திருந்தவனுக்கு மீன்தான் மிச்சம்.

"நேரமாகிறதே" என்பார்கள். கணக்குப் பார்ப்போம். மோர்ஸ் வேகத்தை அளக்கும் 'பாரிஸ்' என்ற சொல் 50 புள்ளி நீளம். 3 விநாடிப் புள்ளியில் இரண்டரை நிமிஷம், ஆறில் ஐந்து. எண் சேர்ந்த அழைப்புக் குறி சற்று நீளும், நீளட்டும். அமெரிக்கச் சட்டம் 10 நிமிஷத்துக்கு ஒருமுறைதானே கேட்கிறது?

30 விநாடிக்காரருக்கு அந்தச் சொல்லே 25 நிமிஷம். ஆகவே இடையில் வேக மோர்ஸில் பெயரைப் பொரிந்து தள்ளிவிட்டு, சட்டம் தீர்ந்தது என்கிறார். காதுக்கு எட்டாத சக்தியில் வேகமாகச் சொன்னால் கேட்பவன் யார்? சட்டத்துக்குக் கும்பிடு, கேட்கிறவனுக்கு நாமம்!

அரை மணி காத்திருக்க நான் தயார். முழு அழைப்புக் குறியை அதே ஆமை வேகத்திலும் ஒருமுறை அனுப்பட்டும். மீனை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.