ஏன் விக்கறீங்க?

எங்கள் வீட்டு ஹாலில் ஓர் எக்ஸர்சைஸ் சைக்கிள் இருந்தது. 2020 லாக்டவுனில், ஊரே கபசுரக் குடிநீரும் கையுமாக இருந்த சமயத்தில் வாங்கியது. முதல் பதினோரு நாள் அதன் மேல் நான் உட்கார்ந்தேன். அதற்கப்புறம் என் பேன்ட், சட்டை, ஈரத் துண்டு எல்லாம் உட்கார்ந்தன. துண்டு இளைத்த மாதிரி தெரியவில்லை. நானும்தான்.

"ஒண்ணு, நீங்க அதை ஓட்டுங்க. இல்லேன்னா அதை வீட்டை விட்டு ஓட்டுங்க" என்றாள் மனைவி.

துணிகளை அகற்றிவிட்டு போட்டோ எடுத்து, போனில் இருக்கும் செகண்ட் ஹேண்ட் சந்தையில் போட்டேன். 'விலை 6,000. அதிகம் உபயோகிக்காதது.' விளம்பர உலகில் இவ்வளவு உண்மையான வாசகம் வந்து ரொம்ப நாளாகியிருக்கும்.

ரெண்டே நிமிஷத்தில் முதல் மெசேஜ்: "இன்னும் இருக்கா?" அடித்துப் பிடித்துக்கொண்டு "இருக்கு சார்" என்று பதில் போட்டேன். போனவர் போனவர்தான். அடுத்து ஒருத்தர், "இன்னும் இருக்கா?" அதற்கடுத்தும் அதே கேள்வி. அப்புறம்தான் தெரிந்தது, அதை யாரும் டைப் அடிப்பதில்லை. பட்டன் ரெடியாக இருக்கிறது. பஸ்ஸில் போகும்போது கோயிலைப் பார்த்தால் கன்னத்தில் போட்டுக்கொள்வோமே, அந்த மாதிரி ஓர் அழுத்து. வண்டி நிற்காது.

கொஞ்சம் பொறுப்பானவர்கள், "லாஸ்ட் பிரைஸ் சொல்லுங்க ப்ரோ" என்கிறார்கள். எடுத்த எடுப்பிலேயே கடைசி விலை! ஒருத்தர், "கூண்டோட ரெண்டு லவ்பேர்ட்ஸ் இருக்கு, எக்ஸ்சேஞ்ச் பண்ணிக்கலாமா?" என்றார். மனைவியிடம் சொன்னேன். பதிலுக்கு ஒரு பார்வை பார்த்தாள். விட்டுவிட்டேன்.

ஒரே ஒருத்தர் மட்டும் பேரமே பேசவில்லை. ராணுவத்தில் இருக்கிறாராம், இந்தியில் சொன்னார். சாமானைப் பார்க்க வேண்டாம், 6,000 இப்போதே அனுப்புகிறேன், வண்டி வந்து எடுத்துக்கொள்ளும் என்றார். பேரம் பேசாத மனுஷனைப் பார்த்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். நினைத்த மாதிரியே ஒரு க்யூஆர் கோடு வந்தது. "ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க, பணம் வந்துடும்." வரும், அவருக்கு!

ஆபீஸ் நண்பர்கள் இதை மட்டும் மனப்பாடம் பண்ணிக்கொள்ளுங்கள். யுபிஐ-யில் பின் நம்பர் கேட்டால் பணம் உங்களிடமிருந்து போகிறது என்று அர்த்தம். பணம் வருவதற்குப் பின் நம்பரும் வேண்டாம், ஸ்கேனும் வேண்டாம், சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். தனி ஆளிடமிருந்து தனி ஆளுக்கு 'பணம் கொடு' என்று ரிக்வெஸ்ட் அனுப்பும் வசதியை 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டார்கள். க்யூஆர் வித்தை நிற்கவில்லை. ஏமாந்துவிட்டால் வெட்கப்படாமல் உடனே 1930-க்கு போன் பண்ணவும். பழைய செல்போன் வாங்குகிறவர்கள் *#06# அடித்து, வருகிற 15 இலக்க ஐஎம்இஐ நம்பரை KYM என்ற மூன்றெழுத்துக்குப் பின்னால் சேர்த்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால், அது யார் பாக்கெட்டிலாவது அடித்த சரக்கா என்று ஓரளவு தெரிந்துவிடும்.

கடைசியில் சைக்கிள் விலை போனது அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில்தான். தண்ணி லாரிச் சண்டைக்கும் குட்மார்னிங் ரோஜாவுக்கும் நடுவில் என் போட்டோவைப் பார்த்துவிட்டு பி பிளாக் பெரியவர் வந்தார். 2,500 ரூபாய். பெடலை ஒரு சுற்று சுற்றிவிட்டு, "ஏன் விக்கறீங்க?" என்றார்.

"தினம் பார்க்குல வாக்கிங் போக ஆரம்பிச்சுட்டேன் சார்."

"அப்படியா? நான் தினம் காலைல அங்கதான் இருக்கேன். உங்களைப் பார்த்ததே இல்லையே."

இந்த 'ஏன் விக்கறீங்க' இருக்கிறதே, அதுதான் இந்த வியாபாரத்தின் உயிர்நாடி. சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில், 1985-ல் எரிந்துபோகும் வரை மூர் மார்க்கெட் இருந்தது. அங்கே பழைய சாமான் வாங்கினவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டார்கள். கடைக்காரர் விற்பார், அதுதானே அவர் பிழைப்பு. சாமான் யார் வீட்டிலிருந்து, எந்தக் கஷ்டத்தில் வந்தது என்பது அவரோடு போய்விடும். இப்போது நடுவில் கடைக்காரர் இல்லை. சாமானின் சொந்தக்காரர் வீட்டுக்கே போய் பெல் அடிக்கிறோம். அவர் வீட்டு காலண்டர், கர்ட்டன் எல்லாம் கண்ணில் படுகிறது.

அகர்லாஃப் என்று ஓர் அமெரிக்கப் பொருளாதார நிபுணர். பழைய கார் வியாபாரத்தை வைத்து 1970-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். வண்டியில் என்ன கோளாறு என்று விற்பவனுக்குத் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. அதனால் வாங்குபவன் எல்லா வண்டியையும் சந்தேகப்பட்டு விலையைக் குறைக்கிறான். நல்ல வண்டி வைத்திருப்பவன் 'போய்யா' என்று வீட்டுக்குப் போய்விடுகிறான். சந்தையில் டப்பா வண்டி மட்டும் மிஞ்சுகிறது. விஷயம் இவ்வளவுதான். முதலில் மூன்று பத்திரிகைகள் அந்தக் கட்டுரையைத் திருப்பி அனுப்பின. 2001-ல் நோபல் பரிசு கிடைத்தது. (கதை திரும்பி வந்த வாசகர்கள் மனம் தளர வேண்டாம்.)

நோபல் எல்லாம் வாங்காமலேயே நாம் அதற்கு மருந்து கண்டுபிடித்திருக்கிறோம். மூஞ்சியைப் பார்த்து "ஏன் விக்கறீங்க?" என்று கேட்டுவிடுவது. வருகிற பதில்களும் நாலைந்துதான். ட்ரான்ஸ்ஃபர். ஆன்சைட். கல்யாணத்துக்கு ரெண்டு வந்துடுச்சு. 'கம்ப்ரஸர் மக்கர் பண்ணுது சார்' என்று இதுவரை யாரும் சொன்னதில்லை.

போன மாதம் அக்கா பையனுக்காக ஒரு ஃப்ரிட்ஜ் பார்க்கப் போனோம். பையனுக்குச் சென்னையில் வேலை கிடைத்து, பெருங்குடியில் மூன்று பேராக ரூம் எடுத்திருக்கிறார்கள். சிங்கிள் டோர், 190 லிட்டர், விலை 7,000 என்று போட்டிருந்தது. பள்ளிக்கரணையில் மூன்றாவது மாடி. கதவைத் திறந்த பையனுக்கு முப்பது வயசுக்குள்தான் இருக்கும். ஹாலில் பாய் ஒன்றைத் தவிர ஒன்றுமில்லை. சோபா, டிவி ஸ்டாண்ட் இருந்த இடங்களில் தரை மட்டும் கட்டம் கட்டமாகப் பளிச்சென்று இருந்தது.

நான் என் நிபுணத்துவத்தைக் காட்டினேன். கதவு இடுக்கில் பத்து ரூபாய் நோட்டை வைத்து மூடி இழுத்தேன். சுலபமாக வந்தால் ரப்பர் போச்சு என்று அர்த்தம். நோட்டு கிழியப் பார்த்தது. பின்னால் தொட்டேன், சூடு இருந்தது. காதை வைத்துக் கேட்டேன். அக்கா பையன் என்னைப் பெருமையாகப் பார்த்தான்.

"ஏன் விக்கறீங்க தம்பி?"

"ஆன்சைட் சார். கனடா."

"அடேடே! வாழ்த்துக்கள்."

கனடா என்றதும் எனக்குள் இருந்த வியாபாரி எழுந்துவிட்டான். டாலரில் சம்பாதிக்கப் போகிறவர், ஊருக்குக் கிளம்புகிற அவசரம் வேறு. 5,000 என்றேன். அவர் 6,500 என்றார். "வேண்டாம்டா, வேற பார்க்கலாம்" என்று லிஃப்ட் வரை நடந்தேன். நடக்கும்போதே கூப்பிடுவார் என்று தெரியும். கூப்பிட்டார். 5,500-க்கு முடிந்தது.

அவர் மனைவி உள்ளிருந்து வந்து, ஒன்றும் பேசாமல் ஃப்ரிட்ஜிலிருந்து பால் பாக்கெட்டையும் மாவுத் தூக்கையும் எடுத்துக்கொண்டு போனாள். கூடவே ஒரு குட்டிப் பெண், எல்.கே.ஜி. இருக்கும். பேச்சுக் கொடுத்தேன்.

"பாப்பா, கனடால ஒரே பனியா இருக்குமே, ஸ்வெட்டர் வாங்கியாச்சா?"

"நாங்க சின்னமனூர் பாட்டி வீட்டுக்குப் போறோம் அங்கிள். அப்பாவுக்கு ஆபீஸ் லீவு விட்டுட்டாங்க. இனிமே வரவே வேணாம்னுட்டாங்க."

அவர் குனிந்து ஃப்ரிட்ஜ் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் சுற்றினார்.

அப்புறம் நிமிர்ந்து, பில்லையும் வாரன்டி கார்டையும் என் கையில் கொடுத்தார். "சார், ஒரு விஷயம் சொல்லல. உள்ள ஃப்ரீஸர் கதவு ஸ்பிரிங் லூஸ். கொஞ்சம் அழுத்தி மூடணும். வண்டில நிக்க வெச்சே கொண்டு போங்க, படுக்க வைக்காதீங்க. வீட்டுக்குப் போனதும் உடனே ஆன் பண்ணாம நாலு மணி நேரம் விட்டுடுங்க."

விற்று முடிந்த பிறகு குறையைச் சொல்கிற ஆளை அகர்லாஃப்கூடப் பார்த்திருக்க மாட்டார். ஃப்ரிட்ஜைப் பற்றி எல்லாமே உண்மை. தன்னைப் பற்றித்தான் பொய்.

போனை எடுத்து 7,000 என்று அடித்து அனுப்பினேன். அவர் தன் போனைப் பார்த்தார்.

"சார், 1,500 ஜாஸ்தியா வந்திருக்கு."

"இருக்கட்டும் தம்பி..."

"இல்ல சார். பேசினது 5,500."

என் போன் டிங் என்றது. 1,500 திரும்பி வந்துவிட்டது.

குட்டி யானையில் ஃப்ரிட்ஜை நிற்க வைத்துக் கட்டிவிட்டு, டிரைவர் பக்கத்தில் நாங்கள் இருவரும் நெருக்கி உட்கார்ந்தோம். கொஞ்ச தூரம் போனதும் அக்கா பையன் கேட்டான்.

"நல்லாத்தானே பேசி முடிச்சீங்க? அப்புறம் ஏன் மாமா ஏழாயிரம் அனுப்பினீங்க?"

"கை தவறிடுச்சுடா" என்றேன்.