கொடிதான் விதை

போன வருடம் எங்கள் அடுக்குமாடி பால்கனியில் உருளைக்கிழங்கு நட்டேன். கூடையில் முளைவிட்டுக் கிடந்ததை வீணாக்குவானேன் என்று ஒரு வாளியில் மண் போட்டுப் புதைத்தேன். செடி தளதளவென்று வந்தது. காலை நிகழ்ச்சியில் நேயர்களிடம் பெருமையடித்துக்கொண்டேன் வேறு. மூன்று மாதம் கழித்து வாளியைக் கவிழ்த்தால், கோலிக்குண்டு அளவில் நான்கே நான்கு.

பேராக்கில் இருக்கும் பாட்டியிடம் சொன்னேன். "அது குளிர் ஊருக் கிழங்குடி. ராத்திரியும் வேர்க்கிற ஊர்ல எங்க கிழங்கு வைக்கும்?" என்று சிரித்தார். படித்துப் பார்த்தால் பாட்டி சொன்னது சரி. இரவு 20 பாகைக்குக் கீழே இறங்கினால்தான் உருளை நன்றாகக் கிழங்கு கட்டும். நமக்கு நள்ளிரவிலும் 24, 25.

"சக்கரவள்ளி நடு, நான் சொல்லித் தர்றேன்" என்றார். விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன்.

பாட்டிக்கு 87 வயது. ஜப்பான்காரன் காலத்தில் பர்மா அரிசி வராமல் போனபோது, தோட்டத்து லயத்தின் பின்னால் அவருடைய அம்மா நட்டது மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும்தான். அந்தக் கொடியின் வாரிசுதான் இன்றும் கொல்லையில் ஓடுகிறது என்கிறார். வீடு மாறும்போதெல்லாம் கொடியும் கூடவே வந்திருக்கிறது. விலை கொடுத்து வாங்கியதே இல்லையாம்.

நடக் கிழங்கு தேவையில்லை, கொடிதான் விதை. நுனிக்கொடியை முழத்துக்குச் சற்றுக் குறைவாக வெட்டி, அடி இலைகளை உருவிவிட்டு, ஓரிரு நாள் நிழலில் வைக்கிறார். மண்ணை மேடாக அணைத்து, மூன்று நான்கு கணுக்கள் உள்ளே போகும்படி சாய்த்து நடுகிறார். சாணம் கொஞ்சம்தான். அள்ளிப் போட்டால் "இலையைத்தான் தின்னணும்". அடுப்புச் சாம்பல் மட்டும் தாராளம். கொடி ஓடத் தொடங்கியதும் அவ்வப்போது தூக்கிப் புரட்டிப் போட வேண்டும். இல்லாவிட்டால் கணுவுக்குக் கணு வேர்விட்டுச் சத்து சிதறிவிடும் என்பது அவர் கணக்கு. மேட்டில் வெடிப்பு கண்டால் உடனே மண் அணைக்க வேண்டும். அந்த வழியாகத்தான் கூன்வண்டு கிழங்குக்கு இறங்கும். நான்கு மாதத்தில் தோண்டலாம். தோண்டிய அன்றே அவிக்கக் கூடாது, ஒரு வாரம் கிடந்தால்தான் இனிப்பு ஏறும்.

எல்லாவற்றையும் கைப்பேசியில் பதிவு செய்துகொண்டேன். காரணம் இருக்கிறது. அந்த வீடு அடுத்த மாதம் கைமாறுகிறது. பாட்டி சித்தப்பாவுடன் கிள்ளானில் மூன்றாம் மாடிக்கு வருகிறார். பெயர்களும் மறக்கத் தொடங்கிவிட்டன. அன்று என்னை இரண்டு முறை அத்தை பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஆனால் கத்தியைக் கையில் எடுத்தால் எந்தக் கணுவில் வெட்டுவது என்பதில் தடுமாற்றமே இல்லை.

கிளம்பும்போது 20 கொடிகளை ஈரச் சாக்கில் சுற்றிக் கொடுத்தார். "இது யார் வீட்டுக்குப் போகுது?" என்று கேட்டார்.

"நம்ம வீட்டுக்குத்தான் பாட்டி."

இப்போது பால்கனியில் இடமில்லாத அளவுக்கு வாளிகள். இரண்டு மாதத்தில் வெட்டிக் கொடுக்கும் அளவுக்குக் கொடி நீண்டுவிடும். வீட்டு முன்னால் கொஞ்சம் மண் வைத்திருக்கும் வாசகர்கள் எழுதுங்கள், தருகிறேன். காசு வாங்கக் கூடாது என்று பாட்டி சொல்லி அனுப்பியிருக்கிறார்.