ஒரு கிளிக்கில் வைக்கலாமா விண்கலத்துக்குப் பெயர்?

புதுக் கம்ப்யூட்டரை வாங்கி முதன்முதலாக ஆன் செய்யும்போது, விண்டோஸ் உங்களிடம் சில கேள்விகள் கேட்கும். அவற்றில் ஒன்று, "இந்தக் கம்ப்யூட்டருக்கு என்ன பெயர் வைக்கப் போகிறீர்கள்?" என்பது. நம்மில் பலர் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு அடுத்த திரைக்குப் போய்விடுகிறோம். விண்டோஸும் எழுத்தும் எண்ணும் கலந்த ஏதோ ஒரு பெயரைத் தானாகவே சூட்டிவிடுகிறது. இதனால் நமக்குப் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை. பிடிக்காவிட்டால் செட்டிங்ஸ் பகுதிக்குச் சென்று எப்போது வேண்டுமானாலும் மாற்றிக் கொள்ளலாம்.

விண்கலத்தின் கதை வேறு. அதன் பெயர் செய்தித்தாள்களில் வந்து, பாடப் புத்தகங்களில் ஏறி, குழந்தைகள் மனப்பாடம் செய்த பிறகு அதை மாற்றுவது எளிதல்ல. கலமே செயலிழந்து போனாலும் பெயர் மட்டும் நிலைத்து நிற்கும். இப்படிப்பட்ட பெயரை யார் முடிவு செய்வது? முன்பெல்லாம் அதிகாரிகளும் விண்வெளி வீரர்களும் முடிவு செய்தார்கள். இன்டர்நெட் வந்த பிறகு, வீட்டில் ஒரு கம்ப்யூட்டரும் இணைய இணைப்பும் இருந்தால் நீங்களும் நானும்கூட இதில் பங்கு பெற முடிகிறது. நல்ல விஷயம்தான். ஆனால் நாம் பங்கு பெறும் விதம் சரியா என்ற சந்தேகம் எனக்கு உண்டு. அதைப் பற்றித்தான் இந்த மாதம் எழுதுகிறேன்.

நான் போட்ட ஓட்டு

2009ஆம் ஆண்டு. சர்வதேச விண்வெளி நிலையத்தில் இணைக்க இருந்த ஒரு புதிய பகுதிக்குப் பெயர் வைக்க, அமெரிக்க விண்வெளி அமைப்பான நாசா தன் வெப்சைட்டில் ஓட்டெடுப்பு நடத்தியது. அதுவரை அந்தப் பகுதிக்கு 'நோட் 3' என்றுதான் பெயர். எர்த்ரைஸ், லெகசி, செரினிட்டி, வென்ச்சர் என நான்கு பெயர்களை நாசாவே கொடுத்திருந்தது. இவை பிடிக்காதவர்கள் தாங்களாகவே ஒரு பெயரை டைப் செய்து அனுப்பவும் வசதி இருந்தது.

நண்பர் ஒருவர் இமெயிலில் லிங்க் அனுப்பினார். நானும் கிளிக் செய்து உள்ளே போனேன். 'லெகசி' என்ற பெயரைத் தேர்ந்தெடுத்து ஓட்டைப் போட்டேன். அரை நிமிட வேலை. அருகில் நின்று பார்த்துக் கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பையன், "ஏன் அங்கிள் அந்தப் பேரு?" என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை. அந்தப் பகுதியில் என்ன இருக்கும், அது எதற்குப் பயன்படும் என்பதைக்கூட நான் படித்துப் பார்க்கவில்லை. "சும்மா, நல்லா இருந்துச்சு" என்று சொல்லிச் சமாளித்தேன்.

என்னைப் போல எத்தனையோ பேர். அமெரிக்காவில் ஸ்டீபன் கோல்பேர் என்ற பிரபல டிவி நகைச்சுவையாளர், தன் பெயரை டைப் செய்து அனுப்புமாறு நேயர்களைக் கேட்டுக் கொண்டார். அவருக்கு 2 லட்சத்து 30 ஆயிரத்துக்கும் அதிகமான ஓட்டுகள் குவிந்தன. போட்டியில் முதலிடம் அவருக்குத்தான்!

நாசா என்ன செய்தது தெரியுமா? அந்தப் பகுதிக்கு 'டிராங்குவிலிட்டி' என்று பெயர் சூட்டியது. இதற்கு 'அமைதி' என்று பொருள். 1969ஆம் ஆண்டு அப்பல்லோ 11 நிலவில் இறங்கிய இடத்தின் பெயர் 'அமைதிக் கடல்'. அந்த நிகழ்வின் 40ஆம் ஆண்டில் இந்தப் பெயர் சூட்டப்பட்டது. கோல்பேருக்கும் ஒரு ஆறுதல் பரிசு கிடைத்தது. வீரர்கள் ஓடி உடற்பயிற்சி செய்யும் டிரெட்மில் கருவிக்கு, அவர் பெயரின் எழுத்துக்களே வரும்படி ஒரு நீளமான பெயரை உருவாக்கி வைத்தார்கள்.

ஏமாற்று வேலையா?

"ஓட்டுக் கேட்டுவிட்டு, வென்றவரை ஒதுக்குவது ஏமாற்று வேலை இல்லையா?" என்று அப்போது பலர் கேட்டார்கள். என் நண்பரும் கேட்டார். நியாயமான கேள்விதான். இறுதி முடிவு தன்னுடையது என்று நாசா போட்டி விதிகளிலேயே சொல்லியிருந்தது. ஆனால் அதை யார் படித்தார்கள்? ஒரு சாப்ட்வேரை இன்ஸ்டால் செய்யும்போது நீளமாக வரும் ஒப்பந்தத்தைப் படிக்காமல் 'ஐ அக்ரீ' பட்டனை அழுத்துகிறோம் அல்லவா, அதே கதைதான்.

நாசா எடுத்த முடிவு சரி என்பது என் கருத்து. போட்டி நடத்திய முறைதான் தவறு. கிளிக்குகளை எண்ணினால் எந்தப் பெயருக்கு ஆதரவாளர் அதிகம் என்று தெரியும். அந்தப் பெயர் ஏன் பொருந்துகிறது என்று தெரியாது. பெயரோடு காரணத்தையும் கேட்டிருந்தால் என் ஓட்டும் அங்கே போயிருக்காது. நேயர்கள் விளையாட்டாக அனுப்பிய ஓட்டுகளிலும் பெரும்பாலானவை போயிருக்காது.

இதைவிடப் பழைய உதாரணம் ஒன்றும் உண்டு. 1976ஆம் ஆண்டு அமெரிக்காவின் முதல் விண்வெளி ஓடத்துக்கு 'கான்ஸ்டிடியூஷன்' என்று பெயர் வைப்பதாக இருந்தது. 'ஸ்டார் டிரெக்' டிவி தொடரின் ரசிகர்கள் அதிபர் போர்டுக்கு ஏராளமான கடிதங்களை எழுதி, தொடரில் வரும் கலத்தின் பெயரான 'என்டர்பிரைஸ்' என்பதையே வைக்கச் செய்தார்கள். ஆனால் அந்த ஓடம் வளிமண்டலத்துக்குள் சோதனைகளுக்கு மட்டுமே பயன்பட்டது. விண்வெளிக்கு ஒரு முறைகூடப் போகவில்லை! தங்களுக்குப் பிடித்த பெயர் எந்தக் கலத்துக்குப் போகிறது, அதன் வேலை என்ன என்று ரசிகர்கள் கொஞ்சம் பார்த்திருக்கலாம்.

காரணம் கேட்ட போட்டிகள்

இதே நாசா இன்னொரு முறையையும் பின்பற்றுகிறது. செவ்வாய் கிரகத்துக்கு அனுப்பிய ரோவர் வண்டிகளுக்குப் பெயர் வைக்க, பள்ளி மாணவர்களிடம் கட்டுரைப் போட்டி நடத்தியது. பெயரை மட்டும் அனுப்பினால் போதாது. அது ஏன் பொருத்தம் என்று எழுத வேண்டும்.

1997ஆம் ஆண்டு செவ்வாயில் இறங்கிய முதல் ரோவரின் பெயர் 'சோஜர்னர்'. அமெரிக்காவில் அடிமைத்தனத்தை எதிர்த்துப் போராடிய சோஜர்னர் ட்ரூத் என்ற கறுப்பினப் பெண்மணியின் நினைவாக, 12 வயது மாணவி ஒருவர் எழுதிய பெயர் இது. 'பயணி' என்ற பொருளும் இதற்கு உண்டு. ஊர் விட்டு ஊர் போகும் வண்டிக்கு எவ்வளவு பொருத்தம் பாருங்கள்!

2003ஆம் ஆண்டு ஏவப்பட்ட இரண்டு ரோவர்களுக்கு 'ஸ்பிரிட்', 'ஆப்பர்ச்சூனிட்டி' என்று பெயர் சூட்டியவர் 9 வயதுச் சிறுமி. சைபீரியாவில் பிறந்து, அனாதை இல்லத்தில் வளர்ந்து, அமெரிக்கக் குடும்பம் ஒன்றால் தத்தெடுக்கப்பட்டவர். இருட்டான இல்லத்தில் இருந்து வானத்தைப் பார்த்து ஆறுதல் அடைந்ததை எழுதியிருந்தார். அவருக்கு அந்த இரண்டு சொற்களும் வாழ்ந்து தெரிந்து கொண்டவை. சுமார் 10 ஆயிரம் போட்டியாளர்களுக்கு நடுவே அந்தக் கட்டுரை வென்றதில் ஆச்சரியம் இல்லை.

2020ஆம் ஆண்டு 'பெர்சிவரன்ஸ்' ரோவருக்குப் பெயர் வைத்த முறைதான் எனக்கு மிகவும் பிடித்தது. விடாமுயற்சி என்று பொருள்படும் இந்தப் பெயர், 28 ஆயிரம் கட்டுரைகளில் இருந்து வந்தது. ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் அவற்றைப் படித்து, முதலில் 155 ஆகவும் பிறகு 9 ஆகவும் குறைத்தார்கள். அதன் பிறகுதான் இன்டர்நெட்டில் மக்களிடம் கருத்துக் கேட்டார்கள். 7 லட்சத்து 70 ஆயிரம் ஓட்டுகள் வந்தன. அந்த ஓட்டுகளையும் கணக்கில் எடுத்துக் கொண்டு நாசா அதிகாரி இறுதி முடிவு எடுத்தார். இங்கேயும் நாம் கிளிக் செய்யலாம். ஆனால் நமக்கு முன்னால் வந்து நிற்கும் ஒன்பது பெயர்களில் எதைத் தொட்டாலும் அதற்குப் பின்னால் ஒரு மாணவர் எழுதிய காரணம் இருக்கிறது. கோமாளித்தனத்துக்கு இடமே இல்லை. இறுதிச் சுற்றில் தோற்ற 'இன்ஜெனுவிட்டி' என்ற பெயரும் வீணாகவில்லை. ரோவரோடு போன குட்டி ஹெலிகாப்டருக்கு அதைச் சூட்டினார்கள். ஐந்து முறை பறந்தாலே போதும் என்று அனுப்பப்பட்ட அந்த ஹெலிகாப்டர், 2024 ஜனவரி வரை 72 முறை பறந்தது.

நல்ல பெயருக்கு மூன்று சோதனைகள்

ஒரு பெயர் பொருத்தமானதா என்று பார்க்க மூன்று கேள்விகள் போதும்.

முதலாவது, கலத்தின் வேலையைப் பெயர் சொல்கிறதா? ஐரோப்பிய விண்வெளி அமைப்பு 2004ஆம் ஆண்டு வால் நட்சத்திரம் ஒன்றை ஆராய 'ரொசெட்டா' என்ற கலத்தை அனுப்பியது. பழங்கால எகிப்திய எழுத்துக்களைப் படிக்க உதவிய ரொசெட்டா கல்வெட்டின் பெயர் அது. அதிலிருந்து பிரிந்து இறங்கும் சிறு கலத்துக்கு இத்தாலியைச் சேர்ந்த 15 வயது மாணவி 'பிலே' என்ற பெயரைச் சொன்னார். நைல் நதியில் உள்ள பிலே தீவில் கிடைத்த கல்தூண்தான், ரொசெட்டா கல்லோடு சேர்ந்து அந்த எழுத்துக்களின் ரகசியத்தை உடைக்க உதவியது. கல்லும் தூணும் போல, தாய்க் கலமும் சேய்க் கலமும் சேர்ந்து வால் நட்சத்திரத்தின் ரகசியத்தைக் கண்டுபிடிக்கட்டும் என்பது கருத்து. அந்தப் பெண்ணின் யோசனைக்கு எத்தனை மார்க் வேண்டுமானாலும் போடலாம்.

இரண்டாவது, சொல்லவும் எழுதவும் எளிதா? 1986ஆம் ஆண்டு வெடித்துச் சிதறிய சேலஞ்சருக்குப் பதிலாகக் கட்டிய ஓடத்துக்கு மாணவர்கள் 'எண்டெவர்' என்று பெயர் வைத்தார்கள். கேப்டன் குக்கின் கப்பல் பெயர் அது. அதனால் பிரிட்டிஷ் முறையில் 'யு' எழுத்தைச் சேர்த்து எழுத வேண்டும். வேர்டில் அமெரிக்க ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுத்து 'கலர்' என்ற சொல்லை 'யு' சேர்த்து டைப் செய்தால் சிவப்புக் கோடு வருகிறதே, அதே சங்கதி. 2007ஆம் ஆண்டு ஏவுதளத்தில் வைத்த வாழ்த்து பேனரில் நாசாக்காரர்களே 'யு'வை விட்டுவிட்டார்கள்! பெயர் அருமையானது. ஆனால் ஸ்பெல்லிங் சிக்கல் கூடவே வந்தது.

மூன்றாவது, கலம் தோற்றுப் போனால் பெயர் கேலிக்கு ஆளாகுமா? இதை யாரும் யோசிப்பதில்லை. 1998ஆம் ஆண்டு ஜப்பான் செவ்வாய்க்கு அனுப்பிய கலத்தின் பெயர் 'நொசோமி'. நம்பிக்கை என்று பொருள். அது செவ்வாயைச் சுற்ற முடியாமல் 2003ஆம் ஆண்டு கைவிடப்பட்டது. ஆனால் யாரும் அந்தப் பெயரைப் பார்த்துச் சிரிக்கவில்லை. பின்னாளில் ஐக்கிய அரபு அமீரகம் தன் செவ்வாய்க் கலத்துக்கு அதே பொருள் தரும் 'அல் அமல்' என்ற பெயரை வைத்தது. 2021ஆம் ஆண்டு அது வெற்றிகரமாகச் செவ்வாயின் சுற்றுப்பாதையில் நுழைந்தது. நம்பிக்கை, முயற்சி, விடாமுயற்சி போன்ற பெயர்கள் தோல்வியையும் தாங்கும். 'வெற்றி' என்று முன்கூட்டியே பெயர் வைத்தால் தாங்குமா?

நம் நாட்டில் ஒரு பெயர்

பெயரை மாற்றுவது எளிதல்ல என்று ஆரம்பத்தில் சொன்னேன். மாற்றியதும் சரியாக அமைந்த ஓர் உதாரணம் நம் நாட்டிலேயே இருக்கிறது. 2002 செப்டம்பரில் ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து ஏவப்பட்ட வானிலை செயற்கைக்கோளின் பெயர் 'மெட்சாட்'. 2003 பிப்ரவரி 1ஆம் தேதி கொலம்பியா ஓடம் சிதறி, ஹரியானாவில் பிறந்த கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் உயிரிழந்தார்கள். நான்கே நாட்களில் மெட்சாட்டின் பெயர் 'கல்பனா 1' ஆனது. ஓட்டெடுப்பு இல்லை, போட்டியும் இல்லை. காரணம் அத்தனை பேருக்கும் தெரிந்திருந்ததால் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

நம் இஸ்ரோ ஒரு புதிய கலத்துக்கு, கிராமத்துப் பள்ளி மாணவர்கள் உட்பட எல்லோரிடமும் பெயரும் ஒரு பக்கக் காரணமும் கேட்டால் எப்படி இருக்கும்? எந்த மொழியிலும் எழுதலாம் என்றும் சொல்லிவிட வேண்டும். வரும் பெயர்களைவிட, அவற்றோடு வரும் காரணங்களைப் படிக்கத்தான் எனக்கு ஆசை.

நீங்கள் செய்ய வேண்டியது

இனி இப்படி ஒரு போட்டிக்கான லிங்க் உங்கள் இமெயிலுக்கு வந்தால், முதலில் அது உண்மையான வெப்சைட்தானா என்று முகவரியைப் பாருங்கள். பெயர் வைக்க வங்கிக் கணக்கு எண் கேட்டால் அது மோசடி. உண்மையான போட்டி என்றால், உடனே கிளிக் செய்யாதீர்கள். நோட்பேடைத் திறந்து, அந்தக் கலம் எங்கே போகிறது, என்ன செய்யப் போகிறது என்று படித்து, நீங்கள் விரும்பும் பெயர் ஏன் பொருந்தும் என்று நான்கு வரி டைப் செய்து பாருங்கள். நான்கு வரி வந்தால் ஓட்டுப் போடுங்கள். வராவிட்டால் விட்டுவிடுங்கள்.

பக்கத்து வீட்டுப் பையன் கேட்ட கேள்விக்கு 2009ஆம் ஆண்டு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. உங்கள் வீட்டுக் குழந்தை கேட்டால் உங்களிடம் பதில் இருக்க வேண்டும்.