செயலி ஒன்றானது, பொறுப்பு ஒன்றாகுமா?

முன்பதிவுப் பயணச்சீட்டுக்கு ஒரு செயலி, முன்பதிவில்லாச் சீட்டுக்கு மற்றொன்று, புகாருக்கு வேறொன்று. பயணி ஒருவர்தான், ஆனால், பல ஆண்டுகளாக ரயில்வே அவரைப் பல பிரிவுகளின் கண்கொண்டே பார்த்தது. தில்லியில் 2025 ஜூலை 1-ஆம் தேதி தொடங்கிவைக்கப்பட்ட "ரயில்ஒன்' செயலி, இச்சேவைகளை ஒரே இடத்தில் தருவது வரவேற்கத்தக்கது.

இதை உருவாக்கியது, 1986-இல் தொடங்கப்பட்ட, ரயில்வேயின் சொந்த அமைப்பான "கிரிஸ்' என்பது குறிப்பிடத்தக்கது. இணையவழி முன்பதிவு 2002-லேயே வந்துவிட்டது. அப்படியிருக்க, ஒருங்கிணைக்க ஏன் இத்தனை காலம்? திறமைக்குப் பஞ்சமில்லை, பயணியின் முழுப் பயணத்துக்கும் பொறுப்பேற்கும் ஒருவர் இல்லாததே காரணமாக இருக்க வேண்டும்.

ஆதார் மீதான விமர்சனங்கள் ஒருபுறமிருக்க, அது உருவான விதம் கவனிக்கத்தக்கது. 2009-இல் நந்தன் நிலேகணி தலைமையில் மென்பொருள் வல்லுநர்களும் அரசு அதிகாரிகளும் இணைந்து பணியாற்றினர். 2010 செப்டம்பரில் முதல் எண் வழங்கப்பட்டது.

பெரிய நிறுவனங்களுக்குள் புதியன படைக்கும் குழுவின் தலைவர், கோப்புகளை நகர்த்தும் மேலாளராக மட்டும் இருந்தால் போதாது. ஒவ்வொரு துறையும் கேட்பதையெல்லாம் செயலியில் திணிக்க மறுக்கும் அதிகாரம் அவருக்கு வேண்டும். தவறினால் திருத்திக்கொள்ளும் அவகாசமும், பணி முடியும்வரை இடமாற்றம் இல்லை என்ற உறுதியும் வேண்டும். குழுவினர் பயணச்சீட்டு வரிசையில் நிற்போரை நேரில் சந்திப்பதும் அவசியம்.

இவற்றை ரயில்வே வாரியம் உறுதி செய்யாவிட்டால், நாளை இன்னொரு பிரிவு இன்னொரு செயலி கேட்கும். அலையப்போவது மீண்டும் பயணிதான்.