மதிப்பெண்ணுக்கு அடகு வைத்த கதைகள்

புதுச்சத்திரத்தில் சற்று நேரம் நின்றால், சேலத்திலிருந்து நாமக்கல் செல்லும் நெடுஞ்சாலையில் இருவகை வண்டிகளைக் காணலாம். ஒன்று முட்டை ஏற்றிய லாரி. மற்றொன்று மாணவரை ஏற்றிய பள்ளிப் பேருந்து. முட்டைக்கு எடை பார்க்கிறோம். பிள்ளைக்கு மதிப்பெண் பார்க்கிறோம். இரண்டிலும் உள்ளே இருக்கும் உயிரைப் பற்றி நமக்குக் கவலையில்லை!

எம் உறவினரின் மகன் ஒருவன் இவ்வட்டாரத்து விடுதிப் பள்ளியில் ஏழாம் வகுப்புப் படிக்கிறான். பெருநாள் விடுமுறை முடிந்து திரும்பியபோது பெட்டிக்குள் ஒரு கதைப் புத்தகம் வைத்திருந்தான். விடுதியில் அதைப் பறித்துக்கொண்டனர். அத்தாவை வரவழைத்து, இனி இவ்வாறு நேராது என எழுதி வாங்கிக்கொண்ட பிறகே திருப்பித் தந்தனர்.

அப்படி என்ன நச்சு நூல் அது? யெஸ். பாலபாரதி எழுதிய ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’. 2020ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய புரஸ்கார் பெற்ற நூல். தீய எண்ணத்தோடு தொடுபவரைப் பற்றி அஞ்சாது வாய் திறந்து சொல்லக் குழந்தைக்குத் துணிவூட்டும் கதை. பெற்றோரைப் பிரிந்து விடுதியில் உறங்கும் பிள்ளைக்கு இதைவிட வேண்டிய பாடம் வேறு எது? அதைத்தான் ‘பாடத்துக்குப் புறம்பானது’ என்றார்கள். அத்தாவும் தலையாட்டிக் கையெழுத்திட்டார். எமது சினத்தில் பாதி விடுதியின் மேல்; மறுபாதி அந்த அத்தாவின் மேல்.

“கதை படித்தால் படிப்புக் கெடும்” என்கிறார்கள். வரலாறு அவர்களைப் பார்த்து நகைக்கிறது. படிப்பே ஏறாத மூன்று அரச குமாரர்களுக்கு அறிவு புகட்டச் சொல்லப்பட்டதாகத்தான் பஞ்சதந்திரம் தொடங்குகிறது. அந்நூல் பாரசீகத்தின் பஹ்லவி மொழிக்குச் சென்றது. எட்டாம் நூற்றாண்டில் இப்னுல் முகஃபஃ அதனை அரபியில் ‘கலீலா வ திம்னா’ என ஆக்கினார். அங்கிருந்து உலக மொழிகள் பலவற்றுக்கும் பரவியது. அரபு மொழியின் உரைநடைச் செல்வமாகப் போற்றப்படுவது நரிகளும் சிங்கமும் பேசும் ஒரு கதை நூல் என்பதை நம் பெற்றோர் அறிவார்களா?

“பரிசு பெற்றுவிட்டால் நல்ல நூலாகிவிடுமா?” என்று வேறு சிலர் கேட்பர். ஆகாதுதான். சாகித்திய அகாதெமி 1955 முதல் பெரியவர்களின் நூல்களுக்குப் பரிசளித்து வருகிறது. சிறுவர் நூல்களுக்கெனத் தனிப் பரிசு ஏற்பட்டதோ 2010இல்தான். அவ்வாண்டு தமிழில் மா. கமலவேலனின் ‘அந்தோணியின் ஆட்டுக்குட்டி’ அதனைப் பெற்றது. அதற்கு 21 ஆண்டுகள் முன்னரே, 1989இல், குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா மறைந்துவிட்டார். அப்பரிசு அவர் கையை எட்டவில்லை. எனினும் அவருடைய பாடல்கள் பாட்டிமார் நாவிலும் பேரப்பிள்ளைகள் நாவிலும் இன்றும் வாழ்கின்றன. ஏன்? எவரோ ஒருவர் குழந்தையை மடியில் இருத்திப் பாடிக் காட்டினார். அக்குழந்தை வளர்ந்து தன் குழந்தைக்குப் பாடியது. நூலுக்கு நீண்ட ஆயுள் தருவது அந்த மடிதான். பரிசு செய்வது ஒன்றே: இன்ன நூல் இருக்கிறது என்று நமக்குச் சுட்டிக் காட்டுகிறது. சுட்டிய பிறகும் திரும்பிப் பாராதவர் நாம்.

வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். இந்தியாவில் மாநில அளவிலான இத்தகைய நூலகச் சட்டத்தை முன்னோடியாய் 1948இலேயே இயற்றியது நம் சென்னை மாகாணம். கட்டிய வரிக்குப் பயனாக ஒரு நாளேனும் பிள்ளையை நூலகத்துக்கு அழைத்துச் சென்றோமா? திருமணப் பந்தலுக்கு இலட்சங்களை இறைக்கும் நாம், பெருநாள் காசோடு ஒரு கதை நூலைச் சேர்த்துக் கொடுத்தால் குறைந்தா போவோம்?

பெற்றோரே! பிள்ளையை விடுதியில் சேர்க்கும்போது ஆய்வுக்கூடம் உண்டா, குளிர்சாதன வசதி உண்டா என்று வினவுகிறீர்கள். இனி இதையும் வினவுங்கள்: “எம் பிள்ளை கதைப் புத்தகம் வைத்துக்கொள்ளலாமா?” ‘கூடாது’ என்று விடை வந்தால், அந்த வாயிற்படியிலேயே பிள்ளையின் கையைப் பற்றிக்கொண்டு திரும்பிவிடுங்கள்.