பெரிய திரை, சின்ன மேசை
ஊத்துக்குளியில் ஒரு பனியன் கம்பெனியின் டிசைன் அறையில் புதிதாக வந்திருந்த 32 அங்குல மானிட்டரைப் பார்த்ததிலிருந்து ஒன்று மனதை விட்டு அகலவில்லை: திரை புதிது, மேசை பழையது, இரண்டடி ஆழம்கூட இல்லை. 4கே திரையில் குறுக்கே 3840 புள்ளிகள். துணியின் அகலத்துக்குள் கை, கழுத்து, உடல் துண்டுகள் எப்படி அடங்குகின்றன என்பதைக் காட்டும் வரைபடமான மார்க்கர் முழுவதும் அதில் ஒரே பார்வையில் தெரிந்துவிடுகிறது; துணி மிச்சமாவதும் வீணாவதும் அங்கேதான் முடிவாகிறது. ஆனால் அதே திரையில் மெனு எழுத்துகள் கடுகாய்ச் சிறுத்துப்போகின்றன. வேலை செய்யும் பெண் முகத்தை முன்னே நீட்டிப் படிக்கிறார். மூலையில் இருப்பதைப் பார்க்கக் கழுத்தைத் திருப்புகிறார். எழுத்தளவை 150 சதவீதமாக்கி, திரையைக் கை நீட்டும் தூரத்துக்குத் தள்ளி, மேல்விளிம்பைக் கண்மட்டத்துக்கு இறக்கினாலே பாதித் தொல்லை தீரும். தள்ளத்தான் மேசையில் இடமில்லை. நிறத்திலும் இதே கவனம் தேவை. புது மானிட்டர் பெரும்பாலும் தேவைக்கு மீறிய வெளிச்சத்தோடுதான் வருகிறது. ஜன்னல் வெயிலும் மேலே விழுந்தால், திரையில் சரியென்று பட்ட சிவப்பு துணியில் வேறாக நிற்கும். லேப் டிப் எனும் சாயமிட்ட மாதிரித் துணியை லைட் பாக்ஸில், பகல் வெளிச்சத்துக்கு ஈடான டி65 ஒளியில் வைத்துப் பார்த்தே ஷேடை ஒப்புக்கொள்ளும் வட்டாரம் இது. அந்தக் கண்டிப்பு திரைக்கும் வேண்டும். மானிட்டருக்கு விலை பேசும் முதலாளிகள் நல்ல மேசைக்கும் ஜன்னல் திரைச்சீலைக்கும் சேர்த்தே பணம் ஒதுக்க வேண்டும். நாள் முழுக்க அதன் முன்னால் உழைப்பது ஒருவரின் கண்ணும் கழுத்தும்.